விதைக்கு நாலு மரம் விட்டால் போதாது

மரம் வெட்டுகிறவரும் மரம் நடுகிறவரும் எதிரெதிர் அணியினர் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே நம்பிக்கை. "விதைக்கு நாலு மரத்தை விட்டுவைத்திருக்கிறோம், காடு தானாக எழுந்துவிடும்" என்கிறார் வெட்டுகிறவர். "நல்ல மரமாகப் பார்த்து விதை எடுத்திருக்கிறோம், ஆயிரக்கணக்கில் கன்று தயார்" என்கிறார் நடுகிறவர். காப்பித் தோட்டம் வைத்திருப்பவரும் தம் பங்குக்கு, "நிழலுக்காகப் பழைய காட்டு மரங்களை அங்கங்கே நிறுத்தியிருக்கிறேன், இனம் எங்கே அழியப்போகிறது?" என்று கேட்கிறார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. மரம் நிற்கிறது, பூக்கிறது, காய்க்கிறது, அடியில் கன்று முளைக்கிறது. ஆகவே இனம் பிழைத்துவிட்டது என்று அவர்கள் முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு தவறு. ஒரு காட்டின் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்பது நிற்கும் மரங்களின் எண்ணிக்கையோடு முடிகிற விஷயமில்லை. அதே இனத்தின் அடுத்த மரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, அது இதற்கு என்ன உறவு, இரண்டுக்கும் இடையே மகரந்தத்தைச் சுமப்பது எது என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. மரங்களை எண்ணிப் பழகிய வனத்துறைகளும் தொண்டு நிறுவனங்களும் நாளிதழ்களும் இந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை.

இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம்? வெப்பமண்டலக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை வேறு மரத்தின் மகரந்தத்தை நம்பி வாழ்பவை. சில இனங்களில் தன் மகரந்தம் தன் சூலகத்தில் பலிக்கவே பலிக்காது. சிலவற்றில் பலிக்கும், ஆனால் பிறக்கும் விதை நொய்ந்துபோகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்று நிற்கும் இனங்களும் உண்டு. பனை நட்டவருக்கு ஆண்பனையும் பெண்பனையும் தெரியும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரமாவது தோப்பில் நிற்க வேண்டும் என்பது ஜாதிக்காய் வளர்க்கிறவருக்குத் தெரியும். காட்டுக்குள் நுழைந்ததும் இந்த அறிவை நாம் ஏனோ வெளியே விட்டுவிடுகிறோம்.

தன் மகரந்தத்தைவிட மெல்லிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மரம் இதன் உடன்பிறப்பாக இருந்துவிட்டால்? தாய்மரத்தின் விதைகளில் பெரும்பகுதி அதன் காலடியிலேயே விழுகிறது. தூக்கிச் செல்ல இருவாச்சியோ வௌவாலோ இல்லாத இடத்தில் கிட்டத்தட்ட எல்லாமே அங்கேதான். அதனால் காட்டில் அக்கம்பக்கத்தில் நிற்பவை பல நேரம் அண்ணன் தம்பி, தாய் பிள்ளை. அடர்ந்த காட்டில் இது பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் சொந்தக்காரர்களுக்கு நடுவே அயலாரும் கலந்து நிற்கிறார்கள். காட்டைக் கலைத்து இரண்டு மூன்று மரங்களை மட்டும் ஒரு துண்டில் விட்டால் எஞ்சுவது ஒரே குடும்பமாக இருந்துவிடலாம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில், இரு பக்கமும் ஒளிந்திருக்கும் குறை ஒரே குழந்தையிடம் வந்து சேரும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மரங்களில் நடப்பதும் அதுதான், இன்னும் கடுமையாக. நெடுநாள் வாழ்ந்து, எப்போதும் அயலாரோடே கலந்து பழகிய மரங்கள் வெளியே தெரியாத கெடு மரபணுக்களை ஏராளமாகச் சுமக்கின்றன. உறவுக்குள் கலப்பு நேரும்போது அவை வெளிப்படுகின்றன.

இது வெறும் ஊகம் என்பவர்கள் காவிரி பிறக்கும் குடகுக்குப் போய்ப் பார்க்கலாம். காப்பித் தோட்டமும், வயலும், அவற்றுக்கு நடுவே தேவரகாடு எனப்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில் காடுகளும் கலந்து கிடக்கும் நிலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளகில் என்னும் பெருமரம் அங்கே இந்தச் சிறு காட்டுத் துண்டுகளிலும் தோட்டங்களிலும் சிதறி நிற்கிறது. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, அறிவியல் பெயர் டைசாக்சிலம் மலபாரிக்கம். மரவேலைக்குப் பெயர்பெற்றதால் வெட்டி வெட்டி அருகிப்போனது. குடகைப் பொறுத்தவரை நாட்டில் பொதுவாக ஒரு பெருமிதம் உண்டு: பாருங்கள், காப்பியும் விளைகிறது, காட்டு மரமும் நிற்கிறது, இயற்கையும் விவசாயமும் கைகோத்து வாழ்கின்றன. அந்தப் பெருமிதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தேயிலை மலைகளோடு ஒப்பிட்டால் குடகு எவ்வளவோ மேல். ஆனால் அந்த மரங்களின் பிள்ளைகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்த பிறகுதான் பெருமிதம் கொள்ள வேண்டும்.

விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். சூரிச் நகரத்து ஈடிஎச் பல்கலைக்கழகத்தின் ஜபூரி கசூல், கிறிஸ் கெட்டில் ஆகியோரும், பெங்களூரைச் சேர்ந்த உமா சங்கர், ரவிகாந்த் ஆகியோரும், பொன்னம்பேட்டை வனவியல் கல்லூரியின் குஷாலப்பாவும் இஸ்மாயில் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 216 சதுர கிலோமீட்டர் பரப்பில் வெள்ளகில் மரங்களின் மரபணுவைப் படித்தார்கள். பதினொரு மரபணுக் குறிகளை வைத்து, எந்த விதைக்கு எந்த மரம் தகப்பன் என்று கண்டுபிடித்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. மரங்கள் நெருக்கமாக நிற்கும் துண்டுகளையும் அரிதாக நிற்கும் துண்டுகளையும் ஒப்பிட்டபோது, அரிதாக நிற்கும் இடத்தில்தான் பக்கத்து மரங்களோடு கலப்பு அதிகமாக நடந்தது. கலந்த மரங்களிடையே உறவு நெருக்கமும் அங்கேதான் கூடுதல்.

முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். மரங்கள் விலகி நின்றால் தூரத்து மகரந்தம் அல்லவா வந்து சேர வேண்டும்? யோசித்துப் பார்த்தால் புரியும். நெருக்கமான காட்டில் பூச்சிக்குத் தேர்வு அதிகம், பல மரங்களின் மகரந்தம் ஒரே பூவில் வந்து கலக்கிறது. அரிதான துண்டிலோ எஞ்சியிருக்கும் இரண்டு மூன்று மரங்களுக்குள்ளேயே பரிமாற்றம் சுற்றிச் சுற்றி நடக்கிறது, அவை உறவினர்களாக இருக்கும் வாய்ப்பும் அதிகம்.

அத்தோடு நிற்கவில்லை அவர்கள். இருவகைத் துண்டுகளிலிருந்தும் விதை எடுத்து, நாற்றங்காலில் 297 நாற்றுகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த அந்தக் கட்டுரையைத்தான் நம் வனத்துறை அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் படித்திருக்க வேண்டும். அரிதான துண்டுகளில் உறவுக்குள் கலந்து பிறந்த நாற்றுகள் பின்தங்கின. நாற்றங்காலில் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே இது சோம்பலான தோட்டக்காரரின் குற்றமில்லை, மழைக்குறைவும் இல்லை. விதைக்குள்ளேயே அந்தக் குறை இருந்தது.

துண்டுகளுக்குள் போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மேல்விதானம் திறந்துகொண்டே போகிறது, வெயில் உள்ளே இறங்குகிறது, வெளிச்சத்தில் பாய்ந்து வளரும் முன்னோடி மரங்கள் இடத்தைப் பிடிக்கின்றன, நிழலில் மெல்ல வளரப் பழகிய வெள்ளகில் கன்றுக்கு இடம் சுருங்குகிறது. ஒரே இடைவெளி இரண்டு முறை அடிக்கிறது. மேலே பூவில் மகரந்தத்தைக் கெடுக்கிறது, கீழே மண்ணில் நிழலைக் கெடுக்கிறது. பலவீனமாகப் பிறந்த கன்று, அதற்குப் பாதகமான வெளிச்சத்திலேயே வளரவும் வேண்டியிருக்கிறது. காட்டு மரம் நிற்கிறதே என்று பெருமிதப்படுகிறவரால் இந்த இரண்டில் ஒன்றையும் கண்ணால் காண முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது ஓங்கி நிற்கும் தாய்மரம் மட்டும்.

இது குடகின் தனிக்கதையா? இலங்கையின் சிங்கராஜக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகை ஆலைக்காக 1970களில் அங்கே பொறுக்கி வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பால் 1977இல் வெட்டு நின்றது, 1988இல் அது உலகப் பாரம்பரியக் காடானது. பொறுக்கி வெட்டுவது மென்மையான முறை என்பதுதான் அன்றும் இன்றும் வனவியலின் பொதுக்கருத்து: பெரிய மரத்தை எடு, சிறியதை விடு, காடு காடாகவே இருக்கும். டார்லின் முரவ்ஸ்கி, பேராதனையின் குணதிலக்க, கமல்ஜித் பாவா மூவரும் அங்கே பெரலிய வகை மரமொன்றின் விதைகளைச் சோதித்தார்கள். வெட்டுப்படாத பகுதியில் அயல்மரத்தால் பிறந்த விதைகளின் பங்கு ஏறத்தாழ 87 விழுக்காடு. வெட்டுப்பட்ட பகுதியில் 71. இது 1994இல் வெளிவந்தது. காடு பார்வைக்குக் காடாகத்தான் இருந்தது. விதைக்குள் மட்டும் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

மலேசியாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 1978 முதல் நடைமுறையில் இருக்கும் தேர்வு வெட்டு முறையை உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் வெட்டலாம், ஒரு ஹெக்டேருக்கு இத்தனை மரம் மிச்சம் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. மிச்சம் இருப்பவை எப்படி விலகி நிற்கின்றன என்று அந்த விதி கேட்பதில்லை. ஷோரியா கர்ட்டிசி என்ற மலைக்காட்டு மரத்தில் 2002இல் செய்த ஆய்வின்படி, தொடாத காட்டில் 96 விழுக்காடாக இருந்த அயல்கலப்பு, பொறுக்கி வெட்டிய காட்டில் 52 விழுக்காடாக விழுந்திருந்தது. கிட்டத்தட்ட பாதி விதை, மரம் தன்னோடு தானே கலந்து பெற்றது. அந்த விதைகளும் முளைக்கும். அந்த முளைகளையும் எண்ணி, "இயற்கை மறுவளர்ச்சி திருப்திகரம்" என்று ஓர் அதிகாரி எழுதிக்கொண்டு போவார்.

இங்கே பூச்சியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தூரம் என்பது மரத்துக்கு ஒன்று, பூச்சிக்கு வேறு. மலேசியாவின் பாசோ காட்டில் சில ஷோரியா இனங்களின் மகரந்தத்தைச் சுமப்பவை இலைப்பேன்கள். காற்றில் மிதந்து போகும் பொடிப்பூச்சிகள் அவை. சரவாக்கில் அதே வேலையை வண்டுகள் செய்கின்றன. தாய்லாந்தின் ஹுவாய் கா கெங் காட்டில் ஷோரியா சியாமென்சிசுக்குக் கொசுத்தேனீக்கள். இதே கசூல் 1998இல் அங்கே கண்டது நம் பொதுக்கருத்தின் அடிமடியில் கைவைக்கிறது. மரங்கள் அரிதாகிப்போன இடத்தில் தேனீ வராமல் போகவில்லை. வந்தது. ஆனால் வந்த மரத்திலேயே பூவுக்குப் பூ தாவிச் சுற்றிக்கொண்டிருந்தது, மரம் விட்டு மரம் போவது குறைந்தது. தன் மகரந்தத்தை ஏற்காத இனம் அது. ஆகவே காய்ப்பு விழுந்தது. மரம் நிறையப் பூ, பூ நிறையத் தேனீ, இருந்தும் காய் இல்லை. தேனீயைப் பார்த்ததும் "மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கிறது" என்று முடிவுகட்டுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது, அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையில்லை. மகரந்தம் நாம் நினைப்பதைவிட வெகுதூரம் போகிறது என்கிறார்கள். உண்மைதான். நமீபியாவின் பாலைநில ஆற்றங்கரையில் நிற்கும் ஒருவகை அத்தியின் மகரந்தத்தை, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள குளவி 160 கிலோமீட்டர் வரை சுமந்து சென்றதாக 2009இல் கண்டார்கள். அமேசானில் மனாவுஸுக்கு வடக்கே மேய்ச்சல் நிலத்தில் தனித்து நின்ற டினிசியா என்னும் ராட்சத மரங்களுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் மகரந்தம் வந்தது, காட்டு மரங்களைவிட அவை அதிகமாகவே காய்த்தன. மேய்ச்சல் நிலத்தில் தனியே நிற்கும் மரங்களை "வாழும் பிணங்கள்" என்று டேனியல் ஜான்சன் 1986இல் சொன்னது அவசரத் தீர்ப்பு என்று இவற்றை வைத்து வாதிடுகிறார்கள். குடகிலேயே தனித்து நின்ற வெள்ளகில் மரங்களுக்கு ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பலவகை மகரந்தம் வந்து சேர்ந்ததை நான் மேலே சொன்ன அதே ஆய்வு காட்டுகிறது.

தனிமரம் செத்த மரமில்லை என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். அதனாலேயே தோட்டத்தில் நிற்கும் ஒற்றை வெள்ளகிலை வெட்டக் கூடாது என்கிறேன். ஆனால் இந்தச் சான்றுகளிலிருந்து "ஆகவே இடைவெளி பொருட்டில்லை" என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்க முடியாது. அந்த ஒற்றை மரத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மகரந்தம் வந்ததென்றால், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் மரங்கள் இன்னும் நின்றன என்று பொருள். தனிமரம் கூட்டத்திடம் கடன் வாங்கி வாழ்கிறது. கூட்டத்தைக் கலைத்து எல்லா மரத்தையும் தனிமரமாக்கிவிட்டால் கடன் கொடுக்க யார் இருப்பார்கள்? டினிசியாவைக் காப்பாற்றியது அந்தக் காட்டின் சொந்தப் பூச்சியும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவிய தேனீ. எல்லா மரத்துக்கும் அப்படியோர் அந்நியர் வந்து கைகொடுப்பார் என்று வனக்கொள்கை வகுக்க முடியாது. அத்திக்குளவி இரவுக் காற்றில் ஏறிப் பறக்கிறது என்பதற்காகக் கொசுத்தேனீயையும் இலைப்பேனையும் அதே கணக்கில் சேர்க்கவும் முடியாது.

மகரந்தம் வந்தால்கூடக் கதை சுபமாக முடிவதில்லை என்பதற்குக் கோஸ்டாரிக்கா சாட்சி. அங்கே சிம்ஃபோனியா குளோபுலிஃபெரா என்ற மரத்தை ஆராய்ந்த ஆல்ட்ரிச்சும் ஹாம்ரிக்கும் 1998இல் சொன்னது இது: காட்டுத் துண்டுகளுக்குள் முளைத்திருந்த கன்றுகளில் பெரும்பங்கு, வெளியே மேய்ச்சல் நிலத்தில் நின்ற சில மரங்களின் பிள்ளைகள். வெயிலில் நின்று ஏராளமாகப் பூத்த அந்த மரங்களின் விதையை வௌவால்கள் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டன. அவற்றில் தன்கலப்பும் அதிகம். பார்ப்பவருக்குக் காட்டுக்குள் கன்றுகள் செழிப்பாக எழுவது தெரியும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு சில தாய்களின் வாரிசுகள் என்பது மரபணுவைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. "விதைக்கு நாலு மரம்" என்ற கொள்கை வெற்றிபெற்றால் கிடைக்கும் காடு இதுதான். தோற்றால் மட்டுமில்லை, வெற்றிபெற்றாலும் அது ஆபத்து.

அடுத்ததாக ஒரு வாதம் வரும், அறிவாளித் தோரணையோடு: பலவீனமான கன்றுகளை இயற்கையே களைந்துவிடும், நமக்கென்ன? களையும்தான், எப்போது களைகிறது என்பதில்தான் சிக்கல். நீலகிரியில் 1843 முதல் நட்டுப் பழகிய அதே தைலமரத்தை அதன் தாயகமான டாஸ்மேனியாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். தன்கலப்பில் பிறந்த கன்றுகள் இளமையில் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு போகின்றன. ஆண்டுகள் கூடக்கூடப் பின்தங்குகின்றன, பக்கத்து மரங்களின் நிழலில் அமுங்குகின்றன, சாவும் பிந்தித்தான் வருகிறது. அயல்கலப்பில் பிறந்த கன்று பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை அது எடுத்துக்கொள்ளும், காட்டுக்கு நட்டமில்லை. எல்லாக் கன்றுகளுமே உறவுக்கலப்பில் பிறந்தவையாக இருந்தால் களைந்த இடத்தில் எதை நிறுத்துவது? தேர்ந்தெடுக்க வேறு ஆள் இருந்தால்தான் இயற்கைத் தேர்வு.

இந்தத் தவறுக்குத் தோட்டத்துறையில் பழைய பாடம் இருக்கிறது. மலேசியாவின் சபாவில் 1966இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து அக்கேசியா மாஞ்சியத்தைக் கொண்டுவந்தார்கள். வந்தது மிகச் சிறிய விதைத் தொகுப்பு. அதன் வளர்ச்சியைப் பார்த்து மயங்கி, அந்தச் சில மரங்களின் விதையையே திரும்பத் திரும்ப எடுத்து நட்டார்கள். தலைமுறை போகப்போக வளர்ச்சி மங்கியது. பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் போய்ப் புதிய விதை திரட்ட வேண்டியிருந்தது. மரத்தொழிற்சாலைக்கு லாபம் குறைந்ததால் அங்கே கணக்குப் பார்த்தார்கள். வெள்ளகிலுக்கோ பெரலியவுக்கோ அப்படிக் கணக்குப் பார்க்க யாரும் இல்லை. போய்த் திரட்டிவர வேறு தாயகமும் அவற்றுக்கு இல்லை.

மரங்கள் நூற்றாண்டு வாழ்பவை, பெரிய மரங்களில் மரபு வளம் இன்னும் குறையவில்லை, அவசரமே இல்லை என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். பெரிய மரங்களில் குறையவில்லைதான். அவை காடு கலைவதற்கு முன் பிறந்தவை. கலைந்த பிறகு பிறந்தவற்றைப் பார்க்க வேண்டும். குடகில் பெரிய மரங்களையும் இளமரங்களையும் ஒப்பிட்டபோது, இளமரங்களில் துண்டுக்குத் துண்டு மரபு வேறுபாடு கூடியிருந்தது, பக்கத்து மரங்களிடையே உறவு நெருக்கமும் கூடியிருந்தது. அவசரமில்லை என்கிறவர்கள் தாத்தாவின் உடல்நலத்தைக் காட்டிப் பேரனுக்குச் சான்றிதழ் வாங்கப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் நெருக்கி நட்டால் தீர்ந்ததா? இதையும் மறுத்தாக வேண்டும், ஏனென்றால் இப்போதைய வேகம் அந்தப் பக்கம்தான். சென்னையிலும் பிற ஊர்களிலும் மியாவாக்கி முறையில் அடி இடைவெளியில் கன்றுகளை நெருக்கி நட்டுக் காடு உருவாக்கிவிட்டதாக அறிவிக்கிறார்கள். நகரத்துக்கு நிழலும் பசுமையும் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் நான் சொல்லும் நெருக்கம் அதுவல்ல. பூக்கும் வயதை எட்டிய, ஒரே இனத்தைச் சேர்ந்த, ஆனால் உறவில்லாத மரங்கள் பூச்சி எட்டும் தூரத்தில் நிற்பதைச் சொல்கிறேன். ஒரே தாயின் கன்றுகளை நெருக்கி நட்டால் உறவுக்கலப்புக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுத்ததாகும். தாய்மரத்தின் காலடியில் கன்று பிழைப்பதும் அரிது. அந்த இனத்தையே குறிவைக்கும் பூச்சியும் பூஞ்சையும் அங்கே குவிந்திருக்கின்றன என்று 1970இல் ஜான்சனும் 1971இல் கானலும் சொன்னதைப் பிற்கால ஆய்வுகள் பல காடுகளில் உறுதிசெய்திருக்கின்றன. மிக நெருங்கினாலும் கேடு, மிக விலகினாலும் கேடு. சரியான தூரத்தை இத்தனை நாளும் அமைத்துக்கொடுத்தது விதையைத் தூக்கிப்போன இருவாச்சி. அதை விரட்டிவிட்ட இடத்தில் அந்த வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

தமிழ்நாடு 2022இல் பசுமை இயக்கத்தைத் தொடங்கி, மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மரப்போர்வையாக்குவோம் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கைக் குறை சொல்ல மாட்டேன். அதை நிறைவேற்றும் நாற்றங்கால்களைப் பற்றித்தான் கவலை. விதை எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் சாலையோரத்தில் எட்டும் உயரத்தில் காய்த்து நிற்கும் மரத்திலிருந்து, பள்ளி வளாகத்தில் நிற்கும் ஒற்றை மரத்திலிருந்து. ஒரே மரத்தின் கீழே கூட்டி அள்ளினால் ஒரே நாளில் பல்லாயிரம் கன்றுக்கு விதை. ஒரு மாவட்டம் முழுக்க அண்ணன் தம்பிகளை நட்டுவிட்டு, முப்பது ஆண்டு கழித்து அவை பூக்கும்போது நாம் யாரும் பொறுப்பில் இருக்கப்போவதில்லை. எண்ணிக்கைக் கணக்கு முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்: கிரேட் நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டைத் திருப்பிவிட 2022இல் அனுமதி கொடுத்தபோது, ஈடாகக் காடு வளர்க்கக் குறித்த இடம் அரியானா. நிக்கோபாரின் மரத்துக்கு அரியானாவின் எந்த மரம் மகரந்தம் கொடுக்கும்?

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. வெட்டு அனுமதிக்கும் இடங்களில், மரத்தின் பருமனை மட்டும் பார்க்கும் விதியோடு இடைவெளியையும் சேர்த்து எழுத வேண்டும். ஓர் இனத்தின் மரங்களை ஒவ்வொன்றாகச் சிதறவிடாமல் கூட்டமாக விட வேண்டும். விதை எடுக்கும்போது குறைந்தது இருபது முப்பது தாய்மரங்கள், ஒன்றுக்கொன்று ஐம்பது நூறு மீட்டராவது தள்ளி நிற்பவை, ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு விதை என்பது மரவிதைத் துறையில் நெடுநாளாகச் சொல்லிவரும் விதிதான். யாரும் கடைப்பிடிக்கக் கேட்கவில்லை, அவ்வளவே. அத்தனை மரம் கிடைக்காத அரிய இனமென்றால் அடுத்த பள்ளத்தாக்கு வரை போய்த் தேட வேண்டும். வால்பாறையில் திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் வழியாகக் கால் நூற்றாண்டாக மழைக்காட்டுத் துண்டுகளைச் சீரமைத்துவருகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களை வளர்த்து நடும் அந்தப் பொறுமையை அரசு நாற்றங்கால்களும் பழகிக்கொள்ள முடியும்.

குடகுக்கும், அதே போன்ற நம் கூடலூர், ஏற்காடு, கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களுக்கும் இன்னொன்று தேவை. காட்டு மரத்தை நட்டு வளர்த்த விவசாயிக்கு அதை வெட்ட ஆயிரம் தடை, சில்வர் ஓக்கை வெட்டுவது எளிது என்று குடகில் இருக்கும் நிலை, ஒவ்வொரு நிழல்மரம் சாயும்போதும் அந்த இடத்தில் ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக்கை நடச் சொல்கிறது. இப்படி நட்டு நட்டுத்தான் வெள்ளகிலுக்கும் வெள்ளகிலுக்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. தாமே நட்ட உள்ளூர் மரத்தைத் தாமே வெட்டும் உரிமையைத் தோட்டக்காரருக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தால், தேவரகாட்டுக்கும் தேவரகாட்டுக்கும் நடுவே உறவில்லாத தாய்களின் கன்றுகளை நட அவர்களில் பலர் முன்வருவார்கள். அந்தக் கன்றுகள் எந்தத் தாய்மரங்களின் விதை, அந்த மரங்கள் எங்கெங்கே நின்றன என்பதை நாற்றங்கால் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்க்க ஆகும் செலவு ஒரு பேனாவின் விலை. வரும் பருவமழைக்கு முன்பே அதைத் தொடங்கலாம்.